போகோல்பின்னில் அண்ணாந்து குடித்தவர்

மாப்பிள்ளை வீட்டாரோடு திராட்சைத் தோட்டம் பார்த்து ஒயின் ருசிக்கப் போகலாம் என்று மகளும் அவள் விரும்பும் பையனும் சொன்னபோதே, என் கணவரை எப்படிக் கட்டிப்போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பையனின் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு. நாங்கள் மகளைப் பார்க்க சிட்னி வந்து மூன்று வாரமாகிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே அந்த அம்மா "பாப்பம்" என்பார். அடுத்த வாரம் எங்களுக்கு ஊர் திரும்ப விமானம்.

அவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் கத்தரிக்காயும் பருப்பும்தான். சுத்த சைவம் போலிருக்கிறது என்று நாங்களும் வாயைத் திறக்கவில்லை. "அவங்க எல்லாம் சாப்பிடுவாங்கம்மா" என்று மகள் சொல்லத்தான் செய்தாள். கல்யாண விஷயத்தில் பெற்ற பெண் சொல்வதை எந்தத் தாய் நம்பியிருக்கிறாள்?

"அங்க போய் ஒரு சொட்டு தொட்டீங்கன்னா பாருங்க" என்று காரில் ஏறும் முன் கணவரை எச்சரித்தேன்.

"நான் என்ன குடிகாரனா?" என்றார். விமான நிலையக் கடையில் புட்டிகளின் விலைச்சீட்டுகளை ஒன்றுவிடாமல் படித்த மனிதர்.

தோட்டம் இருந்த போகோல்பின் அழகான ஊர்தான். கண்ணுக்கு எட்டிய வரை கொடிகள், கல் கட்டடம், மரப் பீப்பாய்கள். மிகப் பழைய ஊர் என்று மகள் பெருமைப்பட்டாள். எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அதைவிட வயது அதிகம். சம்பந்தம் முக்கியம் என்பதால் சொல்லவில்லை.

உள்ளே ஒரு பெண் எங்கள் நான்கு பேருக்கும் கேட்காமலே சிவப்பு ஒயினை ஊற்றினாள். பிள்ளைகள் படம் எடுக்கிறோம் என்று வெளியே தப்பிவிட்டார்கள்.

"நீங்கள் எடுங்கோ அண்ணை" என்றார் பையனின் அப்பா.

"இல்ல சார், நீங்க மொதல்ல" என்றார் இவர்.

"பிள்ளையள் காசு கட்டிப்போட்டினம், வீணாக்கக் கூடாது" என்று அவர் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். இவர் எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வெளியிடத்தில் எந்தத் தம்ளரையும் என் கணவர் உதட்டில் வைக்கமாட்டார். பழக்க தோஷம். அந்தக் கண்ணாடிக் கோப்பையையும் உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றினார். மொத்தமும் ஒரேயடியாக வந்து மூக்கிலும் மீசையிலும் வெள்ளைச் சட்டையிலும் இறங்கியது. ஒயினின் வாசனையை விவரித்துக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மகளின் கல்யாணம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

பையனின் அம்மா சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ, துடையுங்கோ. நீங்கள் பெரிய ஆசாரமான ஆக்கள் எண்டெல்லே நான் பயந்தனான். எங்கட வீட்டில மீன் இல்லாமல் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. நீங்கள் வாறியள் எண்டு மீன்சட்டியை ஒளிச்சு வைச்சனான். உங்களோட என்ர பிள்ளை என்னெண்டு சமாளிக்கப்போறானோ எண்டுதான் யோசிச்சனான். அவன் சொன்னவன், நான் நம்பேல்லை."

"ஐயோ, நாங்க தூத்துக்குடிங்க!" என்றேன். மீன் வாசம் இல்லாத வீடு எங்கள் தெருவிலேயே கிடையாது.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. நண்டுக்குழம்பு வைக்கிறன். கல்யாணத்துக்கு நாளையும் பாத்துப்போடுவம்."

திரும்பிப் பார்த்தால் வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். "அவங்க ஒத்துக்கலைன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மூன்று வாரமாகத் தைரியம் பேசிக்கொண்டிருந்த என் மகள், அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதாள்.