பந்தியில் விட்டுப்போன பாதி வயல்

தவளக்குப்பத்துக்கு மேற்கே அக்கா குத்தகைக்கு எடுத்த வயலில், போன வருஷத்துக்கு முந்தின கோடையில் கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது. நெல்லுக்கு அது பெருமை இல்லை. மணி பிடிக்காத பதர் என்று அர்த்தம். பூக்கிற நேரத்தில் அப்படிக் காய்ந்தது வெயில்.

“அடுத்த கோடையும் பதராப் போனா, வயல விட்டுட்டு உன்கூட தட்டாஞ்சாவடி கம்பெனிக்கே வந்துடறேன்டா” என்றாள் அக்கா. சொன்னால் செய்கிறவள்.

நான் அந்தக் கம்பெனிப் பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். நாலு பேர் பேசும் இடத்தில் நின்று கேட்டுத்தான் எதையும் கற்றுக்கொண்டேன். பாண்டியில் நடந்த ஒரு விவசாயக் கூட்டத்தில், கடல்பாசிச் சாறு தெளித்தால் பயிர் வெயிலைக் கொஞ்சம் தாங்கும் என்றார்கள். ஒரு கேன் வாங்கிவந்தேன். பாதிக்கு மட்டும் தெளித்து மீதியைச் சும்மா விட்டால்தான் பலன் தெரியுமாம். அடுத்த கோடையில் கதிர் வருமுன் ஒரு சாயங்காலம், அக்கா வீட்டுக்காரரான மாமாவும் நானும் வயலின் நடுவே கயிறு கட்டிப் பாதிக்கு அடித்தோம்.

அறுப்புக்குப் போனால் இரண்டு பாதியும் தலை குனிந்து நிற்கிறது! தெளிக்காத பக்கம் எப்படி மணி பிடித்தது?

மாமா துண்டை உதறிக்கொண்டே நின்றார். “அதுக்கு நான் மீன் அமிலம் அடிச்சேன் மச்சான். ஒரே பந்தியில உக்கார வச்சிட்டு, இந்தப் பக்கம் பாயசம் ஊத்தி, அந்தப் பக்கம் வேடிக்கை பாருன்னா எப்பிடி? மனசு வரல.”

மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து அவரே வடித்தது அது.

“அதான் ஊர்ப் பூனையெல்லாம் வயலச் சுத்துச்சா!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “இப்ப காப்பாத்துனது எது? உன் பாசியா, இவரு மீனா?”

“இந்த வருஷம் பூக்கறப்போ கடல் காத்தும் தெனம் சீக்கிரமே வந்து வெயிலத் தணிச்சுச்சே...” என்று இழுத்தேன். சொன்ன பிறகு எனக்கே இன்னும் குழம்பியது. மாமா சொன்னதைப் பட்டறையில் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் அவர் செய்தது தப்பு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அக்கா வயலை விடவில்லை. “இன்னொரு கோடை பாக்கறேன். ஆனா ஒரு மூலைக்கு எதுவும் அடிக்கக் கூடாது. அடிச்சா கம்பெனிதான்” என்றாள். மாமா தலையாட்டினார்.

நேற்று சாயங்காலம் போனேன். கதிர் வரும் பருவம். அக்கா வரப்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த மூலையில் ஒரு பூனை உட்கார்ந்து நெல் தாளை நக்கிக்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

அக்காவைக் கூப்பிடுவதா, பூனையை விரட்டுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.