ஹாம்ஸ்டருக்கு நான் கட்டிய வலை

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்துல நடந்தது இது. ராயபுரத்துல எங்களுக்கு ஒரே ரூம் வூடு. நான் விசைப்படகுங்களுக்கு வலை பின்னுறவன். போட்டெல்லாம் கரையில நிக்கிற அந்த ரெண்டு மாசம்தான் கிழிஞ்ச வலை மொத்தமும் எங்கிட்ட வரும், கை ஒழியாது.

அப்போதான் நாலாவது படிக்கிற என் பொண்ணு அடம்புடிச்சு ஒரு ஹாம்ஸ்டர் வாங்கினா. உள்ளங்கையில அடங்குற எலி. கடைக்காரர் பெரிய கூண்டா காட்டி, இது தோண்டுற பிராணி, அகலமா ஆழமா இடம் வேணும்னு சொன்னார். நான் கேக்கணுமே! எங்களுக்கே இடம் இல்ல, இத்தினியூண்டு எலிக்கு பங்களாவான்னு சொல்லிட்டு, பக்கத்து வூட்டுல சும்மா கிடந்த கிளிக்கூண்டை வாங்கினு வந்தேன். கம்பிங்க ரொம்ப எட்ட எட்ட இருந்துச்சு. அதனால இன்னா, நமக்குத் தெரியாத வேலையா? மீனோட பருமன் பார்த்து வலைக்குக் கண்ணி வைக்கிற மாதிரி, எலியோட வயித்த விரலால அளந்து, அது நுழைய முடியாத கண்ணியா வச்சு, கூண்டைச் சுத்தி நைலான் வலை கட்டினேன். என் வலையில இருந்து எதுவும் வெளிய போகாதுன்னு பொண்டாட்டிகிட்ட பீத்திக்கினேன் வேற.

மூணாம் நாள் காலையில வலையில ஓட்டை, கூண்டு காலி. கடிச்சிட்டுப் போயிருக்கு. மீன் பழக்கத்துல நான் பல்லை யோசிக்கவே இல்ல.

பொண்ணு அழல, அதுதான் பேஜாரு. எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா. எங்க தெருவுல மீனுக்காகச் சுத்துற பூனைங்க ஒண்ணா ரெண்டா? ஒவ்வொரு பூனையோட வாயையும் பார்த்துக்கினு நிப்பா.

நாலு நாள் கழிச்சு, வேலைக்குக் கிளம்பறப்போ கட்டிலுக்கு அடியில இருந்த துண்டு வலை மூட்டையை இழுத்தேன். கை வச்ச இடம் வெதுவெதுன்னு இருந்துச்சு. மெதுவா விலக்கிப் பார்த்தவன் அப்படியே குந்திட்டேன்.

நைலானை ஒதுக்கித் தள்ளிட்டு, பழைய பருத்தி நூலையும் பொண்ணோட நோட்டுக் காகிதத்தையும் மட்டும் பஞ்சு பஞ்சா கிழிச்சு, உருண்டையா ஒரு அறை. அதுல இருந்து ஒரு வழி. வழி முடியற இடத்துல அரிசி, வேர்க்கடலை, ரெண்டு காஞ்ச எறா, எல்லாம் குவியலா. ஒண்ணுக்குப் போகக்கூட தனி மூலை, தூங்குற இடத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல. இருபது வருஷமா முடிச்சு போடுற கை இது. யாரும் சொல்லித் தராம, ஊசி இல்லாம, அந்தச் சின்ன உசுரு நாலே நாள்ல இவ்வளவும் கட்டியிருக்குதேன்னு எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. நடுவுல அது சுருண்டு தூங்கிக்கினு இருந்துச்சு.

பொண்ணைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, அத்தனை நாளுக்கு அப்புறம் எங்கிட்ட வாயைத் திறந்தா: "நைனா, இன்னா வேணும்னு அதுவே கட்டிக் காட்டிகீது பாரு."

அன்னிக்கே கடைக்குப் போனோம். அவதான் தேர்ந்தெடுத்தா, நான் காசு மட்டும் குடுத்தேன். அகலமான கண்ணாடித் தொட்டி, காத்து வர்ற இரும்புக் கம்பி மூடி, உள்ள ஒரு சாண் உசரத்துக்குக் கிழிச்ச காகிதம், ஒளிஞ்சுக்க ஒரு மரப்பெட்டி. கட்டிலை நகர்த்திப் போட்டதும் இடமும் கிடைச்சுடுச்சு.

இப்பவும் அது உள்ள தோண்டிக்கினு இருக்கறதைப் பார்க்கும்போதெல்லாம், கூடவே வாழுற என் பொண்டாட்டி, பொண்ணுக்கு இன்னா வேணும்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனான்னு தோணி, தலை தானா குனிஞ்சுடுது.