பங்குனியில் பார்த்த நிலம்

காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இடம் பார்த்து, திட்டம் வகுத்து, ஆலோசனை எழுதிக் கொடுப்பது என் தொழில். முப்பது வருடம் செய்தேன். நல்ல காரியம் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரே ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.

பேட்டைக்கு வடக்கே ஒரு பொட்டல். பிசானப் பருவத்து நெல் அறுத்து முடிந்த பங்குனியில் பார்க்கப் போனேன். உடைமரமும் சரளையும் தவிரக் கண்ணில் எதுவும் படவில்லை. ஜீப் ஓட்டி வந்தவர்தான் குனிந்து தரையைப் பார்த்தார்.

“சார், புழுக்கையாக் கெடக்கு. இங்கன ஆடு மேயுதுல்லா?”

“ஆடு எங்கவே? ஒண்ணைக் காட்டும், எழுதிக்கிடுதேன்.”

அவர் சிரித்துவிட்டார். ‘தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியூர்க்காரர் எழுதியிருந்தால் அறியாமை எனலாம். எங்கள் குடும்பத்துக்கு ஆற்றங்கரையில் வயல் உண்டு. அறுப்பு முடிந்ததும் வருடா வருடம் ஓர் ஆட்டுக்காரர் வந்து கிடை போடுவார். மந்தையை வயலிலேயே அடைத்துப் படுக்க வைப்பார். அதுதான் எங்களுக்கு உரம். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த வழக்கம். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் அந்த ஆடுகள் எங்கே மேய்கின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பொட்டலில் வேலி போட்டார்கள், சோலார் பலகைகள் நிறைந்தன. அதற்கடுத்த பங்குனியில் ஆட்டுக்காரர் தனியாக வந்தார்.

“மந்தை எங்க?”

“வித்தாச்சு அண்ணாச்சி. மேயுத காடு பூராவும் வேலிக்குள்ள போயிட்டுல்லா.” வயல் பக்கம் திரும்பினார். “எடம் பாக்க நீங்கதான் வந்தியளாம். பங்குனியில வந்தா ஆடு எப்பிடித் தெரியும்? அன்னைக்கு அதுக ஒங்க வயல்லலா படுத்துக் கெடந்துச்சு.”

குரலில் கோபமே இல்லை.

அந்தச் சோலார் கம்பெனிக்குப் போனேன். பலகைகளைக் கழுவும் தண்ணீரில் அடியெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. அதிலாவது ஆட்டை விடுங்கள், ஆட்டுக்காரர் நாலு உருப்படி ஆடு வாங்கிக்கொள்வார் என்று கேட்டேன். அதிகாரி என் அறிக்கையையே எடுத்து விரித்தார்.

“இங்க எந்தப் பயன்பாடும் இல்லைன்னு நீங்கதான சார் எழுதியிருக்கீங்க? இல்லாத மேய்ச்சலுக்கு எப்படி சார் அனுமதி கொடுக்க?”

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். வேலிக்குள் புல்லை அறுத்து எரிக்கும் கூலி வேலையை மட்டும் ஆட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். என் சிபாரிசு என்று நினைத்து, வழியில் பார்த்தால் கும்பிடுகிறார்.

பங்குனிக் காலைகளில் அறுத்த வயலின் வரப்பில் நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஆடுகள் செருமுகின்றன. முதலில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும்தான் நிற்கும். இப்போது திரும்புவதில்லை. அங்கே எதுவும் இல்லை என்று இன்னொரு முறை சொல்ல எனக்குத் துணிவில்லை.