இரண்டு கைகளையும் தொடச் சொன்னவர்

செய்தியைச் சொன்னவர் காசிம் பாய். நம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர், இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். காலையில் போன் செய்தார்.

“டாக்டர் சார், நம்ம ஞானம் சிஸ்டர் தவறிட்டாங்க. சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல அடக்கம். வாரீங்களா, ஆட்டோ சொல்லட்டா?”

“எந்த ஞானம்?” என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஞானம் சிஸ்டர் ஒருவர்தான். வேறு யாராகவாவது இருந்துவிடாதா என்ற நினைப்பில் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் நம் எலும்பு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறை அவருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நான் டாக்டர், அவர் நர்ஸ். ஆனாலும் அந்த அறைக்குள் நுழையும்போது நான்தான் தயங்கி நிற்பேன். கேஸ் ஷீட் எழுதுவதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு தேதி, ஒரு அளவு விடாமல் எழுதுவேன். அதைப் பற்றி அவர் காசிம் பாயிடம், என் காதில் விழும்படியாகவே சொன்னார்: “சார் எழுதுன சீட்டைப் படிச்சா அந்த ஆளே எந்திரிச்சு நடந்து வாரது மாதிரி இருக்கும் பாய். ஆனா சார் அந்த ஆளை நிமிந்து பாத்திருக்க மாட்டாவ.”

சிரித்துக்கொண்டேன். அது உண்மை என்று அப்போது தெரியவில்லை. பெண் நோயாளிகள் வந்தால் எனக்குக் கூச்சம் அதிகம். கேள்விகள் கேட்பேன், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், எழுதுவேன். தொட்டுப் பார்ப்பதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்வேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பேச்சியம்மாள் வந்தது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. ஊர் தேவதானம். நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை. மழையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டோம், பிரித்தோம், எலும்பு அழகாகக் கூடியிருந்தது. வலி மட்டும் போகவில்லை. சேலை உரசினால்கூட நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது என்றாள். கட்டைப் பிரித்த சில நாட்களில் ஒருமுறை கை சிவந்து, வீங்கி, மினுமினுத்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் நாட்டு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். வெந்த பச்சிலையின் சூட்டில் தோல் இப்படித்தான் சிவக்கும்.

“பத்துப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், சத்தியமா இல்ல.”

நான் நம்பவில்லை. ‘நாட்டு மருந்து உபயோகித்திருக்கலாம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

அடுத்தடுத்த முறைகளில் கை ஏறக்குறைய சாதாரணமாகவே தெரிந்தது. உடன் வந்த மாமியார் பொறுமை இழந்திருந்தார். “பாத்திரம் வெளக்கச் சொன்னா மட்டும் வலிக்கி. சோறு திங்க வலிக்கலையே!” என்றார். “சோறு வலது கையில அத்தே” என்றாள் பேச்சியம்மாள். நானும் அன்று மாமியார் பக்கம்தான் இருந்தேன். அவள் வேலைக்குப் போகலாம் என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஷிப்டில் அதை மில்லில் காட்டிவிட்டு அவள் மெஷினில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் வேலை போகும். வீட்டில் அவள் நடிப்பதாகவே முடிவு கட்டிவிடுவார்கள்.

அதைக் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஞானம் சிஸ்டர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், கட்டு ரூமுக்கு வாங்க. டோக்கன் செத்த நேரம் நிக்கட்டும்.”

ஊருக்குப் போகப் பஸ் இல்லாமல் பேச்சியம்மாளும் மாமியாரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இடது கை வெளிறி, விரல் நுனிகளில் நீலம் பாய்ந்திருந்தது. “காலைல பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதும் இப்படித்தான் இருக்கும் சார். உங்ககிட்ட அவ முறை வாரதுக்குள்ள மாறிப்போகும். நானும் மூணு தடவை பாத்துட்டேன். ரெண்டு கையையும் சேத்துத் தொடுங்க” என்றார் சிஸ்டர்.

நான் தயங்கினேன்.

“தொடுங்க சார். நான் நிக்கேன்லா?”

தொட்டேன். வலது கை வெதுவெதுப்பாக இருந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து கீழே ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது. சிஸ்டர் என்னைப் போகவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடச் சொன்னார். அதே கை இப்போது சிவந்து, வியர்த்து, வலது கையைவிடச் சூடாக இருந்தது. பத்து இல்லை, பச்சிலை இல்லை. என் கண் முன்னால் நடந்தது.

தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் விரிப்பதும் நரம்புகளின் வேலை. காயம் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த நரம்புகளின் கட்டுப்பாடு குலைந்துபோகிறது. சுருங்க வேண்டிய நேரத்தில் குழாய் விரிகிறது, விரிய வேண்டிய நேரத்தில் இறுகுகிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாது. தீராத நரம்பு வலியின் இந்த வகையை நான் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன்.

சிஸ்டர் மாமியாரிடம் திரும்பினார். “ஆச்சி, காலைல இருந்து பாத்துக்கிட்டுதான இருக்கீங்க, நீங்களும் தொடுங்க.” அந்த அம்மாள் தொட்டார். கையை எடுக்கவே இல்லை. பிறகு, “ஏட்டி, இம்புட்டு நாளா இதையா தூக்கிக்கிட்டு அலைஞ்ச?” என்றார். பேச்சியம்மாள் அப்போதுதான் அழுதாள்.

நான் என் இயல்புப்படி, “நாளைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே” என்றேன்.

“நாளைக்கு அவ மெஷின் முன்னால நிப்பா சார். தப்பா விழுந்த தையலை நீங்க பிரிச்சதே இல்லையா? அதே மாதிரிதான். அடிச்சுட்டு வேற எழுதுங்க.”

எழுதினேன். என் பெயருக்குக் கீழே நானே என்னை மறுத்து எழுதிய முதல் தாள் அது.

மருந்துகளை நான் எழுதினேன், மதுரைக்கும் ஒருமுறை அனுப்பினேன். அன்றாட வேலையைச் செய்தவர் சிஸ்டர். வலிக்கிறதென்று கையை மடியில் வைத்திருந்தால் விறைத்துவிடும், தோலும் தொடுதலுக்குப் பழகாது. அதனால் முதலில் பேண்டேஜ் துணியால் தடவினார், பிறகு சேலை, பிறகு துண்டு. பேச்சியம்மாள் கத்தினால், “கத்து தாயி, நல்லா கத்து. விரலை மட்டும் மடக்கு” என்பார். ஏழெட்டு மாதத்தில் கை வேலைக்கு ஆனது. குளிர் நாட்களில் வலி இன்றும் வருவதுண்டு. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன்.

அடக்கத்துக்கு பேச்சியம்மாள் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “சார், நீங்க கண்டுபுடிக்கலேன்னா என் கை என்னாயிருக்கும்!” என்று சிஸ்டரின் மகளிடம் என்னைக் காட்டினாள். “ஆமா, அம்மாவும் டாக்டர்தான் கண்டுபுடிச்சாருன்னு சொல்லுவாங்க” என்றாள் மகள். பதினைந்து ஆண்டுகளாக சிஸ்டர் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. தேவதானம் போய் பேச்சியம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். நான் எழுதி வைத்த பொய்ச் சந்தேகத்தையும் சொன்னேன். அவள் காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அன்னைக்கு நானும் அங்கனதான இருந்தேன் சார்! எனக்குத் தெரியாதா? சிஸ்டர்தான் சொல்லி வச்சாவ. ‘சார் பயந்த ஆளு. அவிய தப்பை நாம சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா பொறவு ஒருத்தரையும் தொட்டுப் பாக்க மாட்டாவ. அவிய கண்டுபுடிச்சதாவே இருக்கட்டும்’னு.”

அவர் நினைத்தபடியே நடந்தது. அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, என்னிடம் வலி என்று சொன்ன எவரையும் தொட்டுப் பார்க்காமல் நான் அனுப்பவில்லை. அதை நானாகவே கற்றுக்கொண்டதாக எண்ணியிருந்தேன். அந்தத் துணிச்சலை ஞானம் சிஸ்டர் எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். பேச்சியம்மாளின் கையைக் கண்டுபிடித்த பெயரை இங்கே, உங்கள் எல்லாருக்கும் முன்னால், அவருக்கே எழுதிவிடுகிறேன்.