ஆண்டை உட்கார்ந்த நாற்காலி

விளக்கெண்ணெயும் மூக்குப்பொடியும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரே ஆள் ஒரே இடத்தில் முப்பது வருடம் தலை சாய்த்தால் மரமும் அவருடைய மண்டை வாடையை வாங்கிக்கொள்ளும் என்பதை நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே தெரிந்துகொண்டேன். மண்டை பெரிய வீட்டிலேயே இருந்துவிட்டது. மரம் மட்டும் ஒரு போகி நாளில் அம்மாவின் தலைமேல் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. நீண்ட கைகள் வைத்த தேக்குச் சாய்வு நாற்காலி அது. துணி கிழிந்து, ஒரு கை ஆட்டம் கண்டு, அவர்களுக்கு வேண்டாததாகிப் போனதால் எங்களுக்கு வேண்டியதாகிவிட்டது.

மணலூர்பேட்டைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பெரிய வீட்டுக் கரும்புக் காட்டில் கூலி வேலை செய்தார்கள். போகிக்கு ஊரெல்லாம் பழையதை எரிக்கும். பெரிய வீட்டில் எரிக்கமாட்டார்கள், காலனிக்கு ஆள் அனுப்பி அம்மாவைக் கூப்பிடுவார்கள். கொல்லைப்பக்கம் குவித்து வைத்திருப்பதை அம்மா சுமந்துகொண்டு வருவாள். அதற்கு எங்கள் வீட்டில் "போகிப் பழசு" என்று பெயர். ஓடாத கடிகாரம், முகம் தெரியாத கண்ணாடி, விரியாத குடை என்று அவர்கள் வீட்டில் செத்துப்போன சாமான்கள் எல்லாம் எங்கள் கூரை வீட்டில் வந்து மறுபடி குடும்பம் நடத்தின. அவர்கள் வீட்டைச் சுத்தம் செய்யச் செய்ய எங்கள் வீடு அடைந்துகொண்டே போயிற்று.

அம்மா கோணி ஊசியால் யூரியா சாக்கைத் தைத்து நாற்காலிக்குத் துணி போட்டாள். அப்பா ஆட்டம் கண்ட கைக்கு ஆணி அடித்தார். எல்லாம் செய்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ஒக்காந்து பாருய்யா" என்று அம்மா சொன்னதற்கு, "ஆண்ட ஒக்காந்தது, நாம எப்டி ஒக்கார்றது" என்றார். பாதி வீட்டை அடைத்துக்கொண்டு நின்ற அந்த நாற்காலியில் இப்படியாகப் பாயும் தலையணையும்தான் உட்கார்ந்தன. பிறகு எங்கள் கறுப்புக் கோழி ஒரு நாள் ஏறி உட்கார்ந்து முட்டையிட்டது. அதை அப்பா விரட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். வைக்கோல் கொண்டுவந்து பரப்பி, பதினோரு முட்டை வைத்து, அங்கேயே அடையும் வைத்தார். இருபத்தோரு நாள் அந்தக் கோழி கண்ணை மூடிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி கொலுவிருந்தது. அப்பா அதற்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

கோழி இறங்கிய மறுநாள் நான் ஏறினேன். கோழிக்கு இருக்கிற தைரியம் எனக்கு இருக்கக்கூடாதா என்ற கோபம்தான் முதலில் இருந்தது. உட்கார்ந்த பிறகு சுகமும் சேர்ந்துகொண்டது. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. நாற்காலியின் ஒரு கையில் புத்தகத்தையும் மறு கையில் என் காலையும் வைத்துக்கொண்டு படிப்பேன். கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிட வந்த மேஸ்திரி ஒரு காலையில் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா போகாமல் பெரிய வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்.

அன்று காட்டில் எல்லோரும் இருக்கும்போது பெரியவர் அப்பாவைக் கூப்பிட்டாராம். திட்டவில்லையாம், சிரித்தாராம். "இன்னாடா, ஒம் பொண்ணு என் நாற்காலியில ராணி கணக்கா பட்துகினு கீறாளாமே" என்றதும் வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்களாம். அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் போட்டார். நான் இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போட்டேன். மறுநாள் மறுபடி வெளியே போட்டார், மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். நான்கைந்து நாள் இப்படியே நடந்தது. அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. கடைசியில், "பரீட்ச முடியற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும். கதவ சாத்திகினு ஒக்காரு" என்றார்.

நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் திறந்து வைத்தேன். வேலை முடிந்து வந்த அப்பா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை அடைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டார். பரீட்சை முடிகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்தார். என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்தாரா, யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று காவல் இருந்தாரா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் படித்துத்தான் தேறினேன். இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கூரை வீடு தொகுப்பு வீடாகி, அதுவும் பெயர்ந்து விழ ஆரம்பித்ததால், இந்த வருடம் இடித்துவிட்டு அம்மாவுக்குப் புது வீடு கட்ட முடிவு செய்தோம். அதற்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சாமான்களை ஒழிக்க உட்கார்ந்தேன். கைபேசியில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு அம்மாள், வீட்டை ஒழிக்கும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து நன்றி சொல்லி அனுப்பச் சொல்கிறார். நல்ல யோசனைதான். எங்கள் வீட்டுப் பொருள்களுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஓடாத கடிகாரம், தெரியாத கண்ணாடி எல்லாவற்றையும் நன்றி சொல்லாமலே குவியலில் போட்டேன். பெரிய வீட்டுச் சாமான் ஒன்றுகூடப் புது வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாள், நாற்காலிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குவியலில் போட்டால் நான் திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிடுவாள். "அது இன்னாடி பண்ணுச்சி ஒன்ன? ஒங்கப்பன் ஆணி அடிச்சது. அந்தாளு ஞாபகமா கெடந்துட்டுப் போவுது" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. உட்காராத நாற்காலி எப்படி அவர் ஞாபகமாகும் என்று கத்திவிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே பெரிய வீட்டுப் பேரனிடமிருந்து போன் வந்தது. சென்னையில் வீடு கட்டியிருக்கிறாராம். தாத்தாவின் நாற்காலியைக் கூடத்தில் வைக்க வேண்டுமாம், அதற்குப் பதிலாக அம்மாவுக்குப் புது சோபா வாங்கி அனுப்புவாராம். அம்மாவே முடியாது என்று சொல்லட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல பையன்தான், மரியாதையாகவே பேசினார்.

"உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு தெரியும்க்கா. உங்கப்பாவைப் பத்தி தாத்தா கடைசி வரைக்கும் பெருமையா சொல்லுவார். அவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுஷனாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பின பிறகும் ஒரு நாள்கூட அதுல உக்காரலையாமே!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அந்தப் பையனை அவன் தவழ்ந்த நாளிலிருந்து "சின்ன ஆண்ட" என்று மட்டுமே கூப்பிட்டவள் அவள்.

"தம்பி, யாரு சொன்னது ஒக்காரலன்னு? தெனமும் அதுலதான் ஒக்காருவாரு. வேல முட்ச்சி வந்தா கால் மேல கால் போட்டுகினு, அதுலயே கொறட்ட வுட்டுத் தூங்குவாரு. அது ஒங்க தாத்தா ஞாபகம் இல்ல, எங்கூட்டுக்காரரு ஞாபகம். தர்றதுக்கு இல்லங்க" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

சரி, இனிமேல் நாற்காலி வீட்டைவிட்டுப் போகாது என்று நினைத்தேன். ஆனால் அம்மா கொல்லைக்குப் போய்க் கோடாலியை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது இருந்தா அவரு ஒக்காரலன்னேதான் பேசிகினு இருப்பாங்க. பொளந்து போடு" என்றாள். தேக்கு லேசில் பிளக்கவில்லை. மாற்றி மாற்றி வெட்டினோம். பக்கத்து வீட்டுக்காரி, "நல்ல மரம்டி, பாவிங்களா!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டாள். அப்பா அடித்த ஆணிகளைப் பிடுங்க முடியவில்லை, மரத்தோடேயே அடுப்பில் வைத்தோம். சாயங்காலம் அண்டா நிறைய வெந்நீர் காய்ந்தது. அம்மா முதலில் குளித்தாள், அப்புறம் நான் குளித்தேன்.

இப்போது அந்த இடத்தில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, போகிக்கு யாரும் யாரையும் கூப்பிட்டு அனுப்புவதில்லை. அப்பா ஒரே ஒரு நாள், ஒரு அரை மணி நேரம், அந்த நாற்காலியில் முதுகைச் சாய்த்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. உடம்பெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு வருவாரே, எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். போன வாரம் என் மகள், வீட்டில் தாத்தா எங்கே உட்காருவார் என்று கேட்டாள். சாய்வு நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்று சொன்னேன்.