பச்சையாகத் தின்ற மரவள்ளி

சிங்கவரத்தில் வேர்க்கடலைக் கொல்லைக்குள் நுழைந்தால், செடியைப் பிடுங்கி மண்ணை உதறிப் பச்சையாகவே மெல்லுவோம். அந்தப் பழக்கத்தோடுதான், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்த நாட்களில், இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்கச் செஞ்சியில் பஸ் ஏறினேன்.

அங்கே விடுதிக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தார்கள். ஒரு மாலை, பசியில் ஒரு கிழங்கைப் பிடுங்கிக் கடித்தேன். லேசாகக் கசந்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறைக்கு வந்ததும் தலை சுற்றியது. வாந்தி எடுத்துக் கட்டிலில் விழுந்தேன்.

அறைத்தோழன் யாழ்ப்பாணத்துக்காரன். "என்னத்தைச் சாப்பிட்டனி? சொல்லு" என்று உலுக்கினான். எல்லாம் காதில் விழுந்தது, நாக்கு புரளவில்லை. பையைக் காட்டக் கையும் எழவில்லை. "வெயில் பட்டிருக்கும், நித்திரை கொள்ளட்டும்" என்றான் இன்னொருவன். அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

வாந்தியில் நனைந்த சட்டையைக் கழற்றியபோது கடித்த கிழங்கு உருண்டு விழுந்தது. "ஐயோ, பச்சை மரவள்ளி நஞ்சடா!" என்று கத்தினான் அறைத்தோழன். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றைக் கழுவியதால் பிழைத்தேன்.

இப்போதும் சிங்கவரத்துக் கொல்லையில் என்னைப் பெற்ற நைனா கடலைச் செடியை உதறி நீட்டுகிறார். "நம்ம கொல்லக் கடலைடா, இன்னா பண்ணிடும்? துன்னு."

ஒன்றும் பண்ணாது என்று எனக்கும் தெரியும். கை வாங்கிக்கொள்கிறது, வாய்தான் திறக்கமாட்டேன் என்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்துத்தான் தின்கிறேன்.