மரியசெல்வி எம்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையில், மரியசெல்விக்கு இறந்துபோன அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது.

அவளுக்கு முன்னால் பிறந்த அமலன் பதினோரு நாள்தான் இருந்தான். முந்தின நாள் சாயந்திரம்தான் அம்மாவோடு போய் அந்தச் சின்னக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். இப்போது கம்ப்யூட்டர் திரையில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் நின்றது.

“செல்வி, அப்பா வெஞ்சனத்தத் தொடுறதில்ல. வெறுஞ்சோத்தப் பெசஞ்சு வச்சிடுறாரு. உன்னையத்தான் கேக்குறாரு. அமலன்.”

அடுத்த அறையில் அவள் அப்பா மிக்கேல்ராஜ் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. முந்தின ராத்திரி அவர் தட்டில் கத்திரிக்காய் வைத்தது வைத்தபடி இருந்தது.

மரியசெல்வி நத்தம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஊரே வந்து பேசிப்போக ஒரு போர்டு நடத்தினாள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மோடம், வீட்டுப் போன் லைன், அவ்வளவுதான். சாயந்திரம் இரண்டு மணி நேரம், மோடம் வைத்திருந்த பதினாலு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போன் வழியே உள்ளே வந்து எழுதுவார்கள், படிப்பார்கள்.

“இந்தப் பொட்டிக்கு வாயும் வயிறும் இருந்தா ஒனக்கு மாப்பிள்ளையே வேணாம்த்தா” என்பார் அப்பா.

மற்ற ஊர்களிலும் இதுபோல் போர்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், திண்டுக்கல்லுக்கு ஒன்பது. எஸ்.டி.டி. கட்டணம் குறைவாக இருக்கும் விடியற்காலையில் திருச்சி போர்டு இவளுடையதைக் கூப்பிட்டுக் கடிதங்களைக் கொடுக்கும். இவளுடையது மதுரையைக் கூப்பிட்டுத் தள்ளிவிடும். எந்த எண்ணுக்கு எந்த வழி என்று ஒரு கோப்பில் வரிவரியாக அவளே எழுதி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை இரண்டாவது கடிதம். “யாரு ஜன்னலச் சாத்துனதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஜன்னல் தொறந்துதான் இருக்கு.”

படித்து முடிக்கவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏத்தா, யாரு இந்த ஜன்னலச் சாத்துனது? இருட்டிக்கிட்டுக் கெடக்கு.”

போய்ப் பார்த்தாள். ஜன்னல் திறந்தே இருந்தது. வெளியே மழைமேகம் இறங்கி மலைக்கோட்டையைக் காணோம். மேகம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

பதினாலு பேரில் ஒருவருக்கும் அமலனைத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டே வார்த்தை தட்டி அனுப்பினாள்: “நீங்க யாரு?”

புதன்கிழமை பதில் வந்தது.

“மூணு வருசத்துல என்னையே யாருன்னு கேக்குற அளவுக்கு ஆயிட்டியா? சரி. அப்பாட்ட சொல்லல. வெள்ளிக்கெழமை தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ கட்டிக்கிட்டுப் போன ஊட்டு விலாசம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சது இது ஒண்ணுதான். வந்து மொகத்தக் காட்டிட்டாவது போ.”

செத்தவர்கள் விலாசம் தெரியவில்லை என்று வருந்த மாட்டார்கள். உயிரோடிருக்கும் யாரோ, உயிரோடிருக்கும் தங்கைக்கு எழுதுகிறான். அப்போதுதான் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தாள். இதுவரை பெயரை மட்டுமே பார்த்திருந்தாள், பெயர் அவளுடையது. எண் ஒன்பது இல்லை, பன்னிரண்டு.

மதுரை போர்டு நடத்தும் தப்ரேஸுக்குப் போன் போட்டாள்.

“பாய், பன்னெண்டு எந்த ஊரு?”

“ராஜபாளையம்மா. அங்கயும் ஒரு மரியசெல்வி எம். இருக்குல்ல, நீயேதான் ரெண்டு ஊருல உக்காந்துருக்கியோன்னு நெனச்சேன்” என்று சிரித்தார். “அது சரி, பன்னெண்டோட லெட்டரு ஒங்கிட்ட எதுக்கு நிக்குது?”

எதற்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜூலையில் இடி விழுந்து ராஜபாளையத்து மெஷின் படுத்தபோது, திருச்சியிலிருந்து அங்கே போகும் கடிதங்களைப் பிடித்துவைக்க, ‘பன்னிரண்டும் நீயேதான்’ என்று தன் மெஷினுக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்றும் குறித்திருந்தாள். எடுக்க மறந்துபோனாள். மெஷின் அந்த வரியை நம்பி, கடிதத்தில் உள்ள பெயரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடியது. அந்தப் பெயரில் ஆள் இருந்தது. கடைசிப் பெயர் இல்லாமல் அந்த மென்பொருள் யாரையும் சேர்க்காது. நம் ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? அவள் இனிஷியலைப் போட்டாள். ராஜபாளையத்துக்காரியும் அதையே போட்டிருக்கிறாள்.

வரியை அழித்தாள். அமலனின் மூன்று கடிதங்களையும் உடனே மதுரைக்குத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் தப்ரேஸே கூப்பிட்டார்.

“அனுப்பிட்டேன்மா. ஆனா அந்தப் பொண்ணு வியாழக்கெழம சாயந்திரம் மட்டுந்தான் எட்டிப்பாக்குமாம். வீடு எங்கன்னு போர்டுக்காரருக்கும் தெரியல.”

தான் அனுப்பிய இரண்டு வார்த்தையைப் பற்றி மட்டும் மரியசெல்வி யாரிடமும் சொல்லவில்லை. அமலனுக்கு விளக்கம் எழுதி மூன்று முறை அழித்தாள். மகள் அப்பாவைப் போய்ப் பார்த்தால் போதாதா என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, என் வாயவே எண்ணிக்கிட்டிருக்க?” என்றார். வெஞ்சனம் தீர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் மரியசெல்வி எம். பெறுபவர் மரியசெல்வி எம். தான் எழுதிய எதுவோ தனக்கே திரும்பிவிட்டது என்று நினைத்தாள். எண் ஒன்பது சரியாக இருந்தது.

“வெள்ளிக்கெழம விடியத் திருச்சிக்கு வந்துட்டேன். எங்கப்பா மதலைமுத்து என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு. ஆனா அமலன் எங்கிட்டப் பேசமாட்டேங்கிறான். நான் அவன யாருன்னு கேட்டேனாம். காட்டுறான், என் பேருலதான் இருக்கு. நம்பரப் பாத்துத்தான் ஒங்களுக்கு எழுதுறேன். நான் கேக்கல. நீங்க யாரு?”

விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அனுப்புபவர் பெயரில், எம். இருக்க வேண்டிய இடத்தில் மிக்கேல்ராஜ் என்று முழுதாகத் தட்டினாள். ‘கேட்டது நான்தான், இதை அவரிடம் காட்டுங்கள்’ என்று அவளுக்கு எழுதினாள். அது போதாதென்று பட்டது. அவனுக்கே நேராக இன்னொன்று எழுத உட்கார்ந்தாள்.

‘அமலன் அண்ணனுக்கு’ என்று தொடங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் யாருக்கும் எழுதாத இரண்டு சொற்கள். முடித்ததும் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினாள்.